தேங்காய் எண்ணெய்: எதற்குப் பதிலாக?

பொள்ளாச்சிப் பக்கமிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். பெயர் போட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார், போடவில்லை. நீளமான கடிதம்; சுருக்கித் தருகிறேன்.

"என் வீட்டுக்காரருக்கு 52 வயது. போன மாதம் எடுத்த ரத்தப் பரிசோதனையில் எல்டிஎல் (கெட்ட கொழுப்பு என்கிறார்களே, அது) 168 என்று வந்தது. டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்து, தேங்காய் எண்ணெயைக் குறைக்கச் சொன்னார். எங்களுக்குத் தென்னந்தோப்பு இருக்கிறது. சொந்தக் கொப்பரையைச் செக்கில் ஆட்டித்தான் சமையல். நான், அவர், மாமியார் என்று வீட்டில் மூன்று பேர், மாதம் நாலு லிட்டர் ஆகும். பெங்களூரில் வேலை பார்க்கும் மகன், 'ஹார்வர்டு பேராசிரியரே அதை விஷம் என்று சொல்லிவிட்டார், வீட்டிலேயே வைக்காதீர்கள்' என்கிறான். கொழுந்தனாரோ, தினமும் வெறும் வயிற்றில் இரண்டு பெரிய கரண்டி குடித்தால் கொழுப்பு கரைந்துவிடும், மாத்திரையே வேண்டாம் என்று ஒரு டாக்டர் பேசும் வீடியோவை அனுப்பியிருக்கிறார். அவருடைய நண்பர் ஒருவருக்கு 40 நாளில் கொலஸ்ட்ரால் 60 புள்ளி இறங்கியதாம். வீட்டுக்காரர் அதை நம்பி ஒரு வாரமாகக் குடிக்கிறார், மாத்திரையைத் தொடவே இல்லை. இரண்டு பக்கமும் ஆராய்ச்சி, ஆராய்ச்சி என்கிறார்கள். யாரை நம்புவது மேடம்? பிளஸ் டூ வரை படித்த என்னைப் போன்றவர்கள் இதையெல்லாம் எப்படிச் சரிபார்ப்பது?"

அன்புள்ள சகோதரிக்கு,

ஆராய்ச்சியைப் பற்றிப் பிறகு பேசலாம். முதலில் மாத்திரை. உங்கள் வீட்டுக்காரர் ஒரு வாரமாக அதை நிறுத்தியிருக்கிறார் என்று, எழுதிக் கொடுத்த டாக்டருக்கு இன்றே போன் செய்து சொல்லுங்கள். அவர் சொல்கிறபடி மறுபடி ஆரம்பிக்கட்டும். எல்டிஎல் 168 இருக்கும் ஒருவருக்கு மாத்திரை தேவையா இல்லையா என்பது அவருடைய ரத்த அழுத்தம், சர்க்கரை, புகைப்பழக்கம், குடும்பத்தில் யாருக்காவது இளம் வயதில் மாரடைப்பு வந்ததா என்பதையெல்லாம் சேர்த்துப் பார்த்து முடிவாவது. அதையெல்லாம் பார்த்தவர் உங்கள் டாக்டர். மருந்தை நிறுத்தச் சொல்லும் உரிமை உணவியல் நிபுணரான எனக்கே கிடையாது. உங்கள் வீட்டுக்காரரை நேரில் பார்த்தே இராத வீடியோக்காரருக்கு அது எங்கிருந்து வந்தது?

அடுத்து அந்த வெறும் வயிற்று எண்ணெய். இதற்கு ஆராய்ச்சி எதுவும் தேவையில்லை, கூட்டல் கணக்கு போதும். ஒரு மேசைக்கரண்டித் தேங்காய் எண்ணெயில், எல்டிஎல்லை ஏற்றும் வகையான நிறைவுற்ற கொழுப்பு மட்டும் 11 கிராமுக்கு மேல் இருக்கிறது. இரண்டு கரண்டி என்றால் 22 கிராமைத் தாண்டிவிடும். நாள் முழுக்கச் சாப்பிடும் கலோரியில் நிறைவுற்ற கொழுப்பின் பங்கு 10 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. 2000 கலோரி சாப்பிடுகிறவருக்கு அது சுமார் 22 கிராம். அதாவது பல் துலக்கிய கையோடு அன்றைய மொத்த ஒதுக்கீட்டையும் அவர் முடித்துவிடுகிறார். பால், தயிர், நெய், மதியக் குழம்பில் அரைத்து விடும் தேங்காய் எல்லாம் அதற்கு மேல். கூடவே 240 கலோரி போல. நிறுத்தச் சொல்லுங்கள்.

சரி, இப்போது உங்கள் கேள்வி. யாரை நம்புவது என்று ஆளை வைத்து முடிவு செய்யப் போனால் கடைசி வரை முடிவுக்கு வர முடியாது; எந்தப் பக்கத்துக்கும் ஒரு டாக்டர் கிடைப்பார். ஆளை விட்டுவிட்டு ஒரு கேள்வியைப் பிடித்துக்கொள்ளுங்கள்: எதற்குப் பதிலாக? சாப்பாட்டில் ஒன்றைச் சேர்த்தால் பெரும்பாலும் இன்னொன்று குறைகிறது; ஒன்றை எடுத்தால் அந்த இடத்தில் வேறொன்று வந்து உட்காருகிறது. அதனால் தேங்காய் எண்ணெய் நல்லதா கெட்டதா என்று பொத்தாம் பொதுவாகக் கேட்டால் உருப்படியான பதில் வராது. வெண்ணெய்க்குப் பதிலாக எப்படி, கடலை எண்ணெய்க்குப் பதிலாக எப்படி என்று கேட்டால் வரும். இதைக் கேட்கப் பட்டம் எதுவும் வேண்டாம். உங்கள் மகன் சொன்னதையும் கொழுந்தனார் சொன்னதையும் இந்தக் கேள்வியை வைத்துக்கொண்டே பார்த்துவிடலாம்.

மகன் சொல்வது இட்டுக்கட்டியது இல்லை. 2018இல் ஜெர்மனியின் ஃப்ரைபர்க் நகரில் கரின் மிஷெல்ஸ் என்ற பேராசிரியர் ஒரு பொதுச் சொற்பொழிவில் தேங்காய் எண்ணெயைச் சுத்த விஷம் என்றார். ஹார்வர்டிலும் அவருக்குப் பொறுப்பு இருந்தது. ஜெர்மன் மொழிப் பேச்சு யூடியூபில் பரவி உலகமெங்கும் தலைப்புச் செய்தியானது. இந்திய அரசின் தோட்டக்கலை ஆணையர் ஹார்வர்டுக்கு எதிர்ப்புக் கடிதம் எழுதும் அளவுக்குப் போனது. ஆனால் அது ஒரு சொற்பொழிவு. யாருக்கும் எண்ணெய் கொடுத்துச் சோதித்துக் கண்ட முடிவு அல்ல. நிறைவுற்ற கொழுப்பைப் பற்றி ஏற்கெனவே தெரிந்ததை அவர் உரத்த குரலில் சொன்னார், அவ்வளவுதான். அடிப்படைச் செய்தி சரி. விஷம் என்பது மிகை. எவ்வளவு சாப்பிட்டால், எதற்குப் பதிலாகச் சாப்பிட்டால் என்ற விவரமே அதில் இல்லை. பெரிய பல்கலைக்கழகத்தின் பெயரோடு வந்தாலும் கருத்து கருத்துதான். இனி யாராவது ஹார்வர்டு சொன்னது என்று ஆரம்பித்தால், ஹார்வர்டில் யார் சொன்னது, எதை வைத்துச் சொன்னது என்று கேளுங்கள். மகனிடமும் கேட்கலாம், தப்பில்லை.

கொழுந்தனார் அனுப்பிய வீடியோவின் இணைப்பைக் கடிதத்தோடு வைத்திருந்தீர்கள். முழுக்கப் பார்த்தேன். பேசுபவர் திறமைசாலி. அவர் திரையில் காட்டும் ஆய்வுகள் எதுவும் போலி அல்ல. அதுதான் சிக்கலே.

முதலில் அவர் காட்டுவது நடுத்தரச் சங்கிலிக் கொழுப்பு (மூலக்கூறின் நீளம் குறைவான ஒரு வகைக் கொழுப்பு) எடையைக் குறைக்க உதவும் என்ற ஆய்வு. கொலம்பியா பல்கலைக்கழக ஆய்வாளர் மாரி-பியேர் செயின்ட்-ஓன்ஞ் செய்த வேலை இந்தத் துறையில் பிரபலம். ஆனால் அந்த ஆய்வுகளில் ஆட்களுக்குக் கொடுத்தது தேங்காய் எண்ணெய் அல்ல. நடுத்தரச் சங்கிலிக் கொழுப்பை மட்டும் பிரித்துத் தயாரித்த தனி எண்ணெய். தேங்காய் எண்ணெயில் அந்த வகைக் கொழுப்பு 13 முதல் 15 சதவீதம்தான் என்று அவரே பின்னால் பலமுறை விளக்க வேண்டியதாயிற்று. நம் எண்ணெயில் பாதிக்குப் பாதி இருப்பது லாரிக் அமிலம் என்ற கொழுப்பு. வேதியியல் அட்டவணையில் அதையும் நடுத்தர வரிசையில் சேர்ப்பதுண்டு. ஆனால் குடலைத் தாண்டியதும் அதன் பெரும்பகுதி நீண்ட சங்கிலிக் கொழுப்பு போகும் பாதையில்தான் போகிறது. ஆக, ஆய்வில் கொடுத்த பொருளும் உங்கள் சமையலறையில் இருக்கும் பொருளும் ஒன்றா என்பதை எப்போதும் பார்க்க வேண்டும். மஞ்சள், வெந்தயம், முருங்கை என்று எதைப் பற்றி வரும் செய்திக்கும் இது பொருந்தும். ஆய்வில் கொடுத்தது பிரித்தெடுத்த சாறாக இருக்கும். நாம் ஒரு சிட்டிகை தாளிப்போம்.

அடுத்து கேம்பிரிட்ஜ் ஆய்வு. 2018இல் வெளிவந்தது. 50 முதல் 75 வயது வரையிலான 94 பேரை மூன்று குழுவாகப் பிரித்து, தினமும் 50 கிராம் கன்னித் (வர்ஜின்) தேங்காய் எண்ணெய், அல்லது வெண்ணெய், அல்லது ஆலிவ் எண்ணெய் நான்கு வாரம் கொடுத்தார்கள். வெண்ணெய் சாப்பிட்டவர்களுக்கு எல்டிஎல் ஏறியது. தேங்காய் எண்ணெய்க் குழுவுக்கும் ஆலிவ் குழுவுக்கும் எல்டிஎல்லில் குறிப்பிடும்படியான வித்தியாசம் இல்லை. நல்ல கொழுப்பு என்று சொல்லப்படும் எச்டிஎல் தேங்காய் எண்ணெயில்தான் அதிகம் ஏறியது. வீடியோக்காரர் இதை வைத்துத்தான் கைதட்டல் வாங்குகிறார்.

நல்ல ஆய்வுதான், நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் 94 பேர், நான்கு வாரம். இது மாதிரி ஆய்வுகள் இன்னும் பல இருக்கின்றன. சிலவற்றில் எல்டிஎல் ஏறியது, சிலவற்றில் ஏறவில்லை. அப்படி இருக்கும்போது பிடித்ததை மட்டும் பொறுக்கிக் காட்டுவது யாருக்கும் முடியும். கிடைக்கும் எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்து எடைபோட்டால் என்ன வருகிறது என்பதுதான் பயனுள்ள கேள்வி. 2020இல் 'சர்குலேஷன்' என்ற இதய மருத்துவ இதழில் அப்படி 16 சோதனைகளைச் சேர்த்துப் பார்த்த கட்டுரை வந்தது. சூரியகாந்தி, ஆலிவ் போன்ற தாவர எண்ணெய்களோடு ஒப்பிட்டால் தேங்காய் எண்ணெய் எல்டிஎல்லைச் சுமார் 10 மில்லிகிராம், அதாவது பரிசோதனைத் தாளில் 10 புள்ளி, ஏற்றுகிறது. எச்டிஎல்லையும் 4 மில்லிகிராம் போல ஏற்றுகிறது. வெண்ணெயோடு ஒப்பிட்டால் தேங்காய் எண்ணெய் பரவாயில்லை என்றே கேம்பிரிட்ஜ் ஆய்வு காட்டுகிறது. இரண்டும் உண்மை. வெண்ணெய்க்குப் பதிலாகவா, கடலை எண்ணெய்க்குப் பதிலாகவா என்பதில்தான் விஷயம். உங்கள் வீட்டில் யாரும் வெண்ணெயில் கத்தரிக்காய் வதக்குவதில்லையே.

எச்டிஎல் ஏறுவது நல்லதுதானே என்று கொழுந்தனார் கேட்பார். அப்படித்தான் ஒரு காலத்தில் எல்லோரும் நினைத்தார்கள். ஃபைசர் நிறுவனம் டார்செட்ராபிப் என்ற மருந்தை 15,000 பேருக்கு மேல் வைத்துச் சோதித்தது. எச்டிஎல் 70 சதவீதத்துக்கும் மேல் எகிறியது. ஆனால் மருந்து எடுக்காதவர்களைவிட எடுத்தவர்களில் அதிகம் பேர் இறந்ததால் 2006 டிசம்பரில் சோதனையையே நிறுத்த வேண்டிவந்தது. ரத்தப் பரிசோதனைத் தாளில் ஒரு எண் அழகாக மாறுவதும் மனிதர் நன்றாக இருப்பதும் வேறு வேறு. எல்டிஎல் விஷயத்தில் இவ்வளவு குழப்பம் இல்லை: பிறவியிலேயே அது மிக அதிகமாக உள்ள குடும்பங்களில் இளம் வயதிலேயே மாரடைப்பு வருகிறது, அதைக் குறைக்கும் பல வகை மருந்துகள் மாரடைப்பையும் குறைத்துக் காட்டியிருக்கின்றன. தேங்காய் எண்ணெயை வைத்து, எண்களை விட்டுவிட்டு மாரடைப்பையே எண்ணிப் பார்த்த பெரிய, நீண்ட சோதனை இல்லை. இதை இரு பக்கத்தாரும் சொல்வதில்லை.

கொச்சியில் நடந்த ஓர் ஆய்வையும் வீடியோக்காரர் காட்டுகிறார். 2016இல் வெளிவந்தது. இதய நோய் உள்ள 200 பேரில் ஒரு பாதிக்குத் தேங்காய் எண்ணெய், மறு பாதிக்குச் சூரியகாந்தி எண்ணெய், இரண்டு வருடம். முடிவில் இரு குழுவுக்கும் கொழுப்பு அளவில் பெரிய வித்தியாசம் இல்லை. நம் பக்கத்து ஊர், நம் சாப்பாடு, இரண்டு வருடம் என்பதால் எனக்கு இந்த ஆய்வின் மேல் மதிப்பு உண்டு. ஆனால் வீடியோவில் ஒரு வரி விட்டுப்போயிருக்கிறது: அந்த நோயாளிகள் இதய நோய்க்கான வழக்கமான மருந்துச் சிகிச்சையிலும் இருந்தவர்கள். மருந்து சாப்பிட்டுக்கொண்டே தேங்காய் எண்ணெயில் சமைத்தவர்களைக் காட்டி, மருந்தை விட்டுவிட்டு எண்ணெய் குடி என்று சொல்ல எப்படி மனம் வருகிறதோ தெரியவில்லை.

அப்புறம் தீவு மக்கள் கதை. பசிபிக் கடலில் டோக்கெலாவ், புகாபுகா என்ற தீவுகளில் காலங்காலமாகத் தேங்காயே பிரதான உணவு, அங்கே இதய நோய் அரிது என்பது 1981இல் வந்த கட்டுரை. உண்மை. டோக்கெலாவ் மக்களின் கலோரியில் 63 சதவீதம் தேங்காயிலிருந்து வந்தது, புகாபுகாவில் 34 சதவீதம். அதே கட்டுரையில் அடுத்த செய்தியும் இருக்கிறது. தேங்காய் அதிகம் சாப்பிட்ட டோக்கெலாவ்காரர்களுக்குப் புகாபுகாக்காரர்களைவிட ரத்தக் கொலஸ்ட்ரால் 35 முதல் 40 மில்லிகிராம் அதிகம். அதற்குக் காரணம் நிறைவுற்ற கொழுப்பு என்று ஆய்வாளர்களே எழுதியிருக்கிறார்கள். வீடியோவில் அது வரவில்லை. தவிர, அந்த மக்கள் முழுத் தேங்காயை மீனோடு சாப்பிட்டவர்கள், உடம்பால் உழைத்தவர்கள், பேக்கரி பக்கம் போகாதவர்கள். யாரும் காலையில் பாட்டிலிலிருந்து எண்ணெய் ஊற்றிக் குடிக்கவில்லை.

எங்கள் தாத்தா சாப்பிடவில்லையா என்ற கேள்வியும் இதே வகைதான். தாத்தா தேங்காய் சாப்பிட்டார், கூடவே தோப்புக்கு நடந்தும் போனார், கிணற்றில் கவலை இறைத்தார், தீபாவளிக்குத்தான் பலகாரம் பார்த்தார். இதில் எது அவரைக் காப்பாற்றியது என்று எப்படிப் பிரிப்பது? இளவயதில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போய்ச் சேர்ந்த தாத்தாக்களை யாரும் உதாரணம் காட்டுவதும் இல்லை.

ஒரு ஊரையோ ஒரு கூட்டத்தையோ பார்த்து, இவர்கள் இதைச் சாப்பிடுகிறார்கள், இவர்களுக்கு நோய் இல்லை, எனவே இதுதான் காரணம் என்று சொல்வது எவ்வளவு ஆபத்து என்பதற்குப் பீட்டா கரோட்டின் கதையைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. கேரட், கீரை நிறையச் சாப்பிடுபவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் குறைவாக வருவதைப் பல ஆய்வுகள் காட்டின. அப்படியானால் அவற்றில் உள்ள பீட்டா கரோட்டினை மாத்திரையாகக் கொடுத்தால் என்ன? பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்கள் 29,133 பேரை வைத்து உண்மையிலேயே சோதித்தார்கள். 1994இல் முடிவு வந்தது: மாத்திரை எடுத்தவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் அதிகம். அமெரிக்காவில் நடந்த இன்னொரு சோதனையிலும் இதே போக்கு தெரிய, பாதியிலேயே நிறுத்தினார்கள். கேரட் சாப்பிடுகிறவர் வேறு பல நல்ல பழக்கங்களும் உள்ளவராக இருக்கலாம். கேரட்டில் வேறு ஆயிரம் பொருள்கள் இருக்கின்றன. எது வேலை செய்தது என்று வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது. அதனால்தான் குலுக்கல் முறையில் இரண்டு குழுவாகப் பிரித்து, ஒன்றுக்கு இது, மற்றொன்றுக்கு அது என்று கொடுத்துப் பார்க்கும் சோதனைக்கு மதிப்பு அதிகம். செய்தியில் 'தொடர்பு இருக்கிறது' என்று வந்தால், கூட்டத்தைப் பார்த்துச் சொன்னதா, கொடுத்துப் பார்த்துச் சொன்னதா என்று தேடுங்கள்.

கொழுந்தனாரின் நண்பருக்கு 60 புள்ளி இறங்கியது பற்றி எழுதியிருந்தீர்கள். பொய் என்று நான் சொல்லவில்லை. அறிக்கையைப் பார்த்துப் பயந்த மனிதர் அந்த 40 நாளில் நடக்க ஆரம்பித்திருப்பார், பரோட்டாவைக் குறைத்திருப்பார், வீட்டுக்குத் தெரியாமல் மாத்திரையும் எடுத்திருக்கலாம். முதல் பரிசோதனையில் வந்த எண் வழக்கத்தைவிடச் சற்று அதிகமாக வந்ததாகவும் இருக்கலாம். ஒரே ஆளுக்கு ஒரு மாத இடைவெளியில் எடுத்தாலே எண் கொஞ்சம் முன்பின் ஆகும். குடித்தும் இறங்காதவர்கள் யாரும் வீடியோ போடுவதில்லை.

கட்டுரை திரையில் வந்துவிட்டால் அது அசைக்க முடியாத ஆதாரம் என்று நினைப்பவர்களுக்கு ஜான் பொஹானன் என்ற பத்திரிகையாளர் 2015இல் ஒரு பாடம் நடத்தினார். சாக்லேட் சாப்பிட்டால் சீக்கிரம் மெலியலாம் என்று வேண்டுமென்றே ஓர் அரைகுறை ஆய்வு செய்தார். ஆட்கள் மொத்தம் 15 பேர். அவர்களிடம் எடை, கொலஸ்ட்ரால், தூக்கம் என்று 18 விஷயங்களை அளந்தார். அத்தனையை அளந்தால் ஏதாவது ஒன்று தற்செயலாகவே வெற்றி மாதிரித் தெரிவதற்கு 60 சதவீத வாய்ப்பு உண்டு. தெரிந்தது. பணம் வாங்கிக்கொண்டு போடும் ஓர் இதழில் கட்டுரை வெளியானது. பல நாட்டுப் பத்திரிகைகள் அதைக் கேள்வி கேட்காமல் செய்தியாக்கின. எத்தனை பேர் என்று பல நிருபர்கள் கேட்கவே இல்லை. நீங்கள் கேட்கலாம்.

காசு யார் கொடுத்தது என்பதும் பார்க்க வேண்டியதுதான். 1967இல் ஹார்வர்டு ஆய்வாளர்கள் (ஆமாம், அதே ஹார்வர்டு) இதய நோய்க்குச் சர்க்கரையின் பங்கைக் குறைத்தும் கொழுப்பின் பங்கைக் கூட்டியும் ஒரு பெரிய கட்டுரை எழுதினார்கள். அதற்கு அமெரிக்கச் சர்க்கரை ஆலைகளின் அமைப்பு 6,500 டாலர் கொடுத்தது பழைய கடிதங்களிலிருந்து 2016இல்தான் வெளியே வந்தது. இதைக் காட்டி, கொழுப்பு குற்றமே செய்யவில்லை என்று வாதிடுபவர்களும் இருக்கிறார்கள். அதுவும் சரியில்லை. காசு வாங்கியது தெரிந்தால் சந்தேகம் கூட வேண்டும், முடிவைத் தலைகீழாக்க வேண்டியதில்லை. உங்கள் வீடியோவின் கீழேயே கன்னித் தேங்காய் எண்ணெய் வாங்குவதற்கான இணைப்பு இருக்கிறது, கவனித்தீர்களா? நானும் ஆலோசனைக்குக் கட்டணம் வாங்குபவள்தான், அதையும் மனதில் வைத்துக்கொண்டே என்னைப் படியுங்கள்.

பாட்டிலில் எழுதியிருப்பது பற்றிச் சின்னதாக. 'கொலஸ்ட்ரால் இல்லை' என்று தேங்காய் எண்ணெயில் போட்டிருந்தால் அது உண்மை. கொலஸ்ட்ரால் விலங்கு உணவில் வருவது, தாவர எண்ணெய் எதிலும் சொல்லும்படியாக இருக்காது. நம் ரத்தத்தில் ஓடும் கொலஸ்ட்ராலில் பெரும்பகுதியை நம் கல்லீரலே செய்துகொள்கிறது, நிறைவுற்ற கொழுப்பு அதிகமானால் எல்டிஎல்லை ரத்தத்திலிருந்து இழுத்துக்கொள்ளும் கல்லீரலின் வேலை மந்தமாகிறது. மரச்செக்கில் ஆட்டினால் மணம் இருக்கும், ருசி இருக்கும். நிறைவுற்ற கொழுப்பின் அளவு மாறாது. 14 இலக்க எஃப்எஸ்எஸ்ஏஐ (இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம்) எண் என்பது தொழில் நடத்த உரிமம். அந்த எண்ணெய் நோயைத் தீர்க்கும் என்று அரசு கொடுத்த சான்று அல்ல.

நீங்களே பார்த்துத் தெரிந்துகொள்ள ஓர் இடம் சொல்லச் சொன்னால், ஹைதராபாத்தில் இருக்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தைச் சொல்வேன். 1918இல் நம் குன்னூரில் ராபர்ட் மெக்கரிசன் ஆரம்பித்த சின்ன ஆய்வுக்கூடம்தான் பின்னால் ஹைதராபாத் போய் இவ்வளவு பெரிதானது. இந்தியர்களுக்கான உணவு வழிகாட்டியை 2024இல் புதுப்பித்து வெளியிட்டார்கள், காசில்லாமல் இறக்கிக்கொள்ளலாம். ஆங்கிலம்தான், மகனை உட்கார வைத்துப் படித்துக் காட்டச் சொல்லுங்கள். விஷம் என்றோ அமிர்தம் என்றோ எதையும் சொல்லாத, கொஞ்சம் சலிப்பூட்டும் புத்தகம். சலிப்பூட்டுவதை இந்த விஷயத்தில் நான் நல்ல அறிகுறியாகவே எடுத்துக்கொள்வேன். நேரில் ஆலோசனை கேட்கப் போனால், அவர் இந்திய உணவியல் சங்கத்தில் பதிவு செய்த டயட்டீஷியனா என்று விசாரியுங்கள். இரண்டு வார ஆன்லைன் சான்றிதழை மாட்டிக்கொண்டு நியூட்ரிஷனிஸ்ட் என்று போர்டு வைத்திருப்பவர்கள் நிறையப் பேர்.

இனி உங்கள் அடுப்படிக்கு வருகிறேன். கடிதத்தில் என் கண்ணை உறுத்தியது தேங்காய் எண்ணெய் அல்ல, நாலு லிட்டர். தலைக்குத் தேய்ப்பதையும் பொரித்து மிச்சமானதையும் கழித்துக்கொண்டாலும் மூன்று பேருக்கு அது மிக அதிகம். முழுக்கச் சாப்பாட்டில் போனால் ஆளுக்குத் தினமும் 40 கிராம் எண்ணெய், அதில் நிறைவுற்ற கொழுப்பு மட்டும் 30 கிராமுக்கு மேல். ஒருவருக்கு மாதம் அரை லிட்டர் என்பதுதான் நான் எல்லோருக்கும் சொல்லும் கணக்கு. உங்களுக்கு ஒன்றரை லிட்டர். மாதத் தொடக்கத்தில் அதை மட்டும் தனியாக அளந்து எடுத்து வையுங்கள். அதில் ஒரு லிட்டருக்கு மேல் கடலை எண்ணெயும் நல்லெண்ணெயும் இருக்கட்டும். கடலை எண்ணெயில் நிறைவுற்ற கொழுப்பு ஐந்தில் ஒரு பங்குக்குள், நல்லெண்ணெயில் ஏழில் ஒரு பங்கு போல; தேங்காய் எண்ணெயில் பத்தில் எட்டுக்கு மேல். மீதிக் கொஞ்சத்தைத் தேங்காய் எண்ணெயாக வைத்துக்கொண்டு, அவியலுக்கு மேலே ஊற்றவும் ஆப்பச்சட்டியில் தடவவும் பயன்படுத்துங்கள். மணத்துக்கு அது போதும்.

மகன் சொல்கிற மாதிரி அடியோடு தூக்கி எறிந்துவிட்டு ரேஷன் பாமாயிலுக்கு மாறினால் பெரிய லாபம் இல்லை, அதிலும் பாதிக்குக் கொஞ்சம் குறைவாக நிறைவுற்ற கொழுப்பு இருக்கிறது. எண்ணெயைக் குறைத்த கையோடு உங்கள் வீட்டுக்காரர் கூடுதலாக ரெண்டு கரண்டி சோறும் சாயங்காலம் நாலு பிஸ்கட்டும் எடுத்துக்கொண்டால் அதிலும் லாபம் இல்லை. நிறைவுற்ற கொழுப்பின் இடத்தில் மைதாவும் சர்க்கரையும் வந்தால் இதயத்துக்கு நன்மை தெரிவதில்லை. கடலை, எள், சூரியகாந்தி மாதிரி எண்ணெய்களும் பருப்பு, கொட்டை வகைகளும் வந்தால்தான் தெரிகிறது. தேங்காய்ச் சட்னியைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கேட்பீர்கள். துருவலில் நார்ச்சத்தும் இருக்கிறது, எண்ணெயைவிட எவ்வளவோ மேல். ஆனால் கிண்ணம் நிறைய வேண்டாம், பொட்டுக்கடலையைக் கூட்டி அரையுங்கள்.

டாக்டர் சொல்லும் நாளில் மறுபடி பரிசோதனை எடுங்கள். முடிந்தால் அதே ஆய்வகத்தில். மாத்திரையும் எண்ணெய் மாற்றமும் ஒரே சமயத்தில் நடப்பதால், எல்டிஎல் இறங்கினால் எதனால் இறங்கியது என்று பிரிக்க முடியாது. பரவாயில்லை, உங்களுக்கு வேண்டியது அது இறங்குவது. கட்டுரை எழுதுவது அல்ல.

குடும்ப வாட்ஸ்அப் குழுவில் இதையெல்லாம் போட்டுக் கொழுந்தனாரோடு மல்லுக்கு நிற்க வேண்டாம். அண்ணன் மேல் இருக்கும் அக்கறையில்தான் அனுப்பியிருக்கிறார். தனியாகப் போன் செய்து பேசுங்கள். அவரும் தினமும் இரண்டு கரண்டி குடிக்கிறவர்தானா என்று விசாரியுங்கள். ஆமாம் என்றால், கடைசியாக எப்போது லிப்பிட் டெஸ்ட் எடுத்தார் என்று கேட்டுவிட்டு, அண்ணனோடு சேர்த்து அவரையும் ஆய்வகத்துக்கு அழைத்துப் போங்கள்.